எல்லா மாநிலத்திலும் ஆணையம் வைத்தால் ஜெர்ரிமாண்டரிங் தீருமா?

வாசகர் கேள்வி, 2025 ஆகஸ்ட் 5

டெக்சஸில் ட்ரம்ப் ஐந்து சீட் கூடுதலாகக் கேட்டாராம், உடனே கட்சிக்குச் சாதகமாகத் தொகுதி வரைபடத்தையே வளைத்து மாற்றுகிறார்கள், அதுதான் ஜெர்ரிமாண்டரிங். டெமாக்ரட் உறுப்பினர்கள் கோரம் (அவை நடக்கத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை) கிடைக்காமல் செய்ய இல்லினாய் போய் உட்கார்ந்திருக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் பொதுமக்களே இருக்கும் ஆணையம் வரைகிறது, அங்கே இந்தக் கூத்து இல்லை. அதையே ஐம்பது மாநிலத்திலும் வைத்துவிட்டால் பிரச்சினை முடிந்தது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

ஆகஸ்ட் 6

பூனைக்கு யார் மணி கட்டுவது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

நான் இருப்பது வட கரோலைனா, ராலேயை ஒட்டிய வேக் கவுண்டி. வீடு மாறவில்லை. காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) தொகுதி மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது. 2012, 2016, 2020, 2022, 2024 என்று இந்த ஐந்து தேர்தலுக்கும் ஐந்து வெவ்வேறு வரைபடம். பத்தாண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்ததும் மாநிலச் சட்டமன்றம் ஒருமுறை வரைந்தால் போதும் என்பதுதான் வழக்கமான ஏற்பாடு. புது வாக்காளர் அட்டை தபாலில் வந்தால் என் மனைவி உறையைப் பிரிக்காமலே “இந்தத் தடவை எந்த நம்பர்?” என்று கேட்பாள்.

2012-ல் மாநிலம் முழுக்க டெமாக்ரட் வேட்பாளர்களுக்கு விழுந்த ஓட்டு பாதிக்குச் சற்று மேல். கிடைத்தது 13 சீட்டில் 4. இரண்டு தொகுதிகளை இனத்தை வைத்து வரைந்திருக்கிறீர்கள் என்று 2016-ல் நீதிமன்றம் தள்ளியது. மறுபடி வரைய உட்கார்ந்தபோது டேவிட் லூயிஸ் என்ற ரிபப்ளிகன் உறுப்பினர் கூட்டத்திலேயே வெளிப்படையாகச் சொன்னார்: பத்து எங்களுக்கு, மூன்று அவர்களுக்கு வருகிற மாதிரி வரைவோம், ஏனென்றால் பதினொன்றுக்கு இரண்டு என்று வரைய முடியும் என நான் நினைக்கவில்லை. ஒளிவுமறைவே இல்லை. தேர்தல் முடிந்தது, பத்துக்கு மூன்று.

வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2019 ஜூனில் ஐந்துக்கு நான்கு: கட்சி ஆதாயத்துக்காக வரைவது அரசியல் கேள்வி, கூட்டாட்சி நீதிமன்றங்கள் தீர்க்க முடியாது. தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் எழுதிய தீர்ப்பு. இதை நாங்கள் ஆமோதிக்கவில்லை, மாநிலங்கள் ஆணையம் வைத்துக்கொள்ளலாம் என்று சில மாநிலங்களின் பெயரையும் சொன்னார். அதே ராபர்ட்ஸ் 2015-ல் அரிசோனா ஆணையம் அரசியலமைப்புக்குப் பொருந்தாது என்று சிறுபான்மைத் தீர்ப்பு எழுதியவர். அது தனிக் கூத்து.

அப்புறம் மாநில நீதிமன்றம் தலையிட்டது. 2020-ல் எட்டுக்கு ஐந்து. 2022-ல் நீதிமன்றமே ஏற்பாடு செய்த வரைபடத்தில் ஏழுக்கு ஏழு. அதே தேர்தலில் மாநில உச்ச நீதிமன்றத்தில் பெரும்பான்மை ரிபப்ளிகன் பக்கம் போனது (இங்கே நீதிபதிகளும் கட்சிப் பெயரோடுதான் ஓட்டுக் கேட்கிறார்கள்). 2023 ஏப்ரலில் பழைய தீர்ப்பையே புரட்டிப்போட்டார்கள். புது வரைபடம் வந்தது. 2024-ல் பத்துக்கு நான்கு.

இத்தனைக்கும் மக்கள் மனசு பெரிதாக மாறவில்லை. ட்ரம்ப் மூன்று முறையும் இங்கே கொஞ்ச வித்தியாசத்தில் ஜெயித்தார். அதே மூன்று நாளும் அதே வாக்காளர்கள் டெமாக்ரட் ஆளுநரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். தொகுதி வரைபடத்தை இங்கே ஆளுநர் வீட்டோ செய்ய முடியாது. மக்கள் கையெழுத்துத் திரட்டி ஒரு சட்டத்தையோ திருத்தத்தையோ நேரடியாக ஓட்டுக்குக் கொண்டுவரவும் வழியில்லை. கலிஃபோர்னியா, மிச்சிகன், அரிசோனா மூன்றிலும் ஆணையம் வந்தது அந்த வழியில்தான். அந்த வசதி ஏறத்தாழப் பாதி மாநிலங்களில்தான் உண்டு. மற்ற இடங்களில் ஆணையம் வேண்டுமானால், இந்த வரைபடத்தால் ஜெயித்து வந்தவர்களே எழுந்து நின்று “எங்கள் பேனாவைப் பிடுங்கிக்கொள்ளுங்கள்” என்று சட்டம் போட வேண்டும்.

ஆகஸ்ட் 6, இரவு

ஐம்பது மாநிலம் என்றீர்கள். ஆறு மாநிலத்துக்கு ஒரே ஒரு சீட்தான்: அலாஸ்கா, டெலவேர், வெர்மாண்ட், வயோமிங், இரண்டு டகோட்டா. அங்கே எந்த வில்லனாலும் ஒரு கோடு போட முடியாது.

ஆகஸ்ட் 8

ஒருவர் இதைத் தமிழ்நாட்டுத் தொகுதி மறுவரையறைப் பேச்சோடு சேர்த்துக் கேட்டிருந்தார். இரண்டும் வேறு. நாம் ஊரில் பயப்படுவது எந்த மாநிலத்துக்கு எத்தனை சீட் என்ற பங்கீட்டைப் பற்றி. அமெரிக்காவில் 435 சீட்டை மாநிலங்களுக்குப் பிரிப்பது ஒரு சூத்திரம், அதில் யாரும் கை வைப்பதில்லை. சண்டை எல்லாம் மாநிலத்துக்குள் கோடு எப்படிப் போகிறது என்பதில். இந்தியாவில் அந்தக் கோட்டைச் சட்டமன்றம் போடுவதில்லை, டிலிமிட்டேஷன் கமிஷன் போடுகிறது. மேலே போகவில்லை, இழை திசை மாறிவிடும்.

ஆகஸ்ட் 10

டெக்சஸ்காரர்கள் ஓடுவது புதிதில்லை. 2003-லும் பத்தாண்டின் நடுவில் வரைபடத்தை மாற்ற, காங்கிரஸில் ரிபப்ளிகன் தலைவராக இருந்த டாம் டிலே முயன்றார். அப்போது ஐம்பதுக்கு மேற்பட்ட டெமாக்ரட் உறுப்பினர்கள் பக்கத்து ஓக்லஹோமாவில் ஆர்ட்மோர் என்ற ஊர் ஹோட்டலில் போய்த் தங்கினார்கள். பின்னால் செனட்டர்கள் நியூ மெக்சிகோ போனார்கள். எல்லாரும் ஒருநாள் வீட்டுக்குத் திரும்பித்தானே ஆக வேண்டும்? வரைபடம் நிறைவேறியது. அதற்கு முன் மாநிலத்தில் டெமாக்ரட் 17, ரிபப்ளிகன் 15. 2004 தேர்தல் முடிந்ததும் 11, 21. பத்தாண்டு நடுவில் வரைவதைத் தடுக்கும் விதி எதுவும் இல்லை என்று 2006-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

இந்தத் தடவை அடைக்கலம் இல்லினாய். அதுதான் எனக்குச் சிரிப்பு. இல்லினாயில் 2024-ல் ட்ரம்ப் நூற்றுக்கு 43 வாங்கினார், ஆனால் 17 சீட்டில் ரிபப்ளிகன்களுக்கு மூன்றுதான். அதன் 13-வது தொகுதியை வரைபடத்தில் பாருங்கள்: கிழக்கு செயின்ட் லூயிஸில் ஆரம்பித்து, ஸ்ப்ரிங்ஃபீல்டைத் தொட்டு, ஷாம்பெய்ன் பல்கலைக்கழகம் வரை ஒல்லியாக நீளும். ஜெர்ரிமாண்டரிங்குக்குப் பயந்து ஓடியவர்கள் அதிலேயே போய் இறங்கியிருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 23

கலிஃபோர்னியா ஆணையம் எப்படி அமைகிறது என்று கேட்டவர்களுக்கு.

2008-ல் மக்கள் ஓட்டுக்கு வந்த 11-வது பிரேரணை மாநிலச் சட்டமன்றத் தொகுதிகளுக்கு ஆணையத்தைக் கொண்டுவந்தது. 2010-ல் 20-வது பிரேரணை காங்கிரஸ் தொகுதிகளையும் அதனிடம் கொடுத்தது. மொத்தம் 14 பேர்: ஐந்து டெமாக்ரட், ஐந்து ரிபப்ளிகன், இரண்டிலும் சேராத நான்கு பேர். யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம், ஆனால் லாபியிஸ்ட் கூடாது, பெரிய நன்கொடை கொடுத்தவர் கூடாது, கட்சிப் பதிவை ஐந்து வருடமாக மாற்றாமல் இருந்திருக்க வேண்டும். மாநிலத் தணிக்கையாளர் அலுவலகம் வடிகட்டி அறுபது பேராக்கும். சட்டமன்றத் தலைவர்கள் அதில் 24 பேர் வரை அடிக்கலாம். மீதியில் எட்டுப் பேர் குலுக்கலில் வருவார்கள். அந்த எட்டுப் பேர் மற்ற ஆறு பேரைச் சேர்த்துக்கொள்வார்கள். வரைபடம் நிறைவேற இந்த மூன்று பிரிவிலிருந்தும் தலா மூன்று ஓட்டாவது வேண்டும்.

இந்தக் கடைசி விதிதான் எனக்குப் பிடித்தது. ஒரு தரப்பு இன்னொரு தரப்பை ஏறி மிதிக்க முடியாது.

என் மச்சான் ஃப்ரீமாண்ட்டில் இருக்கிறான். 2019-ல் அவனும் விண்ணப்பிக்கக் கிளம்பினான். குடியுரிமை வாங்கி ஐந்து வருடம் ஆகாததால் முதல் படியிலேயே நின்றுவிட்டான். அந்தச் சுற்றில் இருபதாயிரத்துக்கு மேல் விண்ணப்பங்கள். ஜூரி வேலைக்கு அழைப்பு வந்தாலே தப்பிக்க வழி தேடும் ஊரில், மாதக்கணக்கில் ஒவ்வொரு கூட்டத்திலும் உட்கார்ந்து வரைபடம் பார்க்கும் வேலைக்கு இத்தனை பேர்.

ஆகஸ்ட் 24

நேற்று ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டது. ஆணையம் வரும் முன் கலிஃபோர்னியாவில் இரண்டு கட்சியும் சேர்ந்து 2001-ல் ஒரு வரைபடம் போட்டன. “உன் ஆளை நான் தொடமாட்டேன், என் ஆளை நீ தொடாதே.” 2002 முதல் 2010 வரை ஐந்து தேர்தலில், ஐம்பத்து மூன்று தொகுதியில், கட்சி கை மாறியது ஒரே ஒரு சீட். 2006-ல் ரிச்சர்ட் பாம்போ தோற்றது மட்டும்தான்.

ஆணையத்துக்கு யார் வீடு எங்கே என்று பார்க்க உரிமையில்லை. அதனால் 2012-ல் ஹோவர்ட் பெர்மன், பிராட் ஷெர்மன் இரண்டு டெமாக்ரட் உறுப்பினர்களும் ஒரே தொகுதியில் மாட்டிக்கொண்டார்கள். விவாத மேடையில் ஷெர்மன் பெர்மன் தோளில் கையைப் போட்டு இழுத்து முகத்துக்கு நேரே கத்தினார், போலீஸ்காரர் மேடை ஏற வேண்டியதாயிற்று. ஆணையத்தின் நடுநிலைக்கு இதைவிட நல்ல சான்றிதழ் இல்லை.

செப்டம்பர் 7

“ஆணையம்” என்று போர்டு மாட்டியவை எல்லாம் ஒன்றல்ல. நான் பார்த்தவரை இரண்டு கேள்வி கேட்டால் போதும். உள்ளே உட்காருவது யார்? அவர்களுக்குள் இழுபறி வந்தால் வரைபடம் யாரிடம் போகும்?

நியூயார்க் 2014-ல் வைத்தது. பத்துப் பேர், பெரும்பாலும் கட்சித் தலைவர்கள் நியமிப்பது. 2022-ல் எதிர்பார்த்தபடியே இரண்டாகப் பிரிந்து இரண்டு வரைபடம் கொடுத்தார்கள். சட்டமன்றம் இரண்டையும் ஓரங்கட்டித் தானே ஒன்றை வரைந்தது. மாநில உயர் நீதிமன்றம் அதைத் தள்ளி, ஒரு நிபுணரைக் கொண்டு வரையவைத்தது. இழுபறியானால் பேனா தங்கள் கைக்கு வரும் என்று தெரிந்தவர்கள் எதற்குச் சமாதானம் ஆவார்கள்?

விர்ஜீனியா 2020-ல் வைத்தது. எட்டு சட்டமன்ற உறுப்பினர், எட்டு பொதுமக்கள். எட்டுக்கு எட்டு நின்றது. ஆனால் அங்கே இழுபறி வந்தால் மாநில உச்ச நீதிமன்றத்துக்குப் போகும் என்று எழுதியிருந்தார்கள். இரு தரப்பும் பரிந்துரைத்த இரண்டு நிபுணர்கள் சேர்ந்து வரைந்தார்கள், ஓரளவு நியாயமாகவே வந்தது.

ஒஹாயோ பெயருக்கு ஆணையம். ஆளுநர் முதலான அரசியல்வாதிகளே உறுப்பினர்கள். 2022-ல் மாநில உச்ச நீதிமன்றம் வரைபடத்தைத் திரும்பத் திரும்பத் தள்ளியது. அவர்கள் அசையவே இல்லை, நாள் கடந்துவிட்டது, தள்ளுபடியான வரைபடத்திலேயே தேர்தல் நடந்தது. தள்ளிய தலைமை நீதிபதி மொரீன் ஓகானர் ரிபப்ளிகன். ஓய்வுபெற்றதும் அவரே உண்மையான மக்கள் ஆணையம் கேட்டு 2024-ல் ஓட்டுக்குக் கொண்டுவந்தார். வாக்குச்சீட்டில் அச்சான வாசகத்தை எழுதியது எதிர்த்தரப்பு. இந்த ஆணையம் ஜெர்ரிமாண்டரிங் செய்ய வேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறது என்கிற தொனியில் எழுதிவைத்தார்கள். தோற்றுவிட்டது.

மிச்சிகனுக்கு வருகிறேன். அங்கே கேட்டி ஃபேஹி என்ற பெண் 2016 நவம்பரில் போட்ட ஒரு ஃபேஸ்புக் பதிவில் ஆரம்பித்தது. 2018-ல் நூற்றுக்கு 61 பேர் ஆதரவு. 13 உறுப்பினர்கள், குலுக்கல் முறை, பொதுமக்கள் மட்டும். 2022-ல் ஏறக்குறைய நாற்பது ஆண்டுக்குப் பின் மாநிலச் சட்டமன்றத்தின் இரண்டு அவையும் டெமாக்ரட் கைக்கு வந்தன. எல்லாரும் கொண்டாடினார்கள். ஆனால் 2023 டிசம்பரில் டெட்ராய்ட் பக்கத்து 13 சட்டமன்றத் தொகுதிகளைக் கூட்டாட்சி நீதிமன்றம் ரத்து செய்தது. கட்சிச் சமநிலை வரவேண்டும் என்று கறுப்பின மக்களின் பகுதிகளைப் பட்டை பட்டையாக வெட்டிப் புறநகரோடு ஒட்டியிருந்தார்கள். இனத்தைப் பிரதானமாக வைத்து வரைந்தது தவறு என்றது தீர்ப்பு. நல்ல எண்ணம் உள்ள பதின்மூன்று பேருக்கும் கை நடுங்கத்தான் செய்யும்.

செப்டம்பர் 14

டேவ்ஸ் ரீடிஸ்ட்ரிக்டிங் என்று இலவசத் தளம் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு வாக்குச்சாவடிப் பகுதியாக வண்ணம் அடித்து யாரும் தொகுதி வரையலாம், ஓரத்தில் மக்கள்தொகையும் கட்சிக் கணக்கும் ஓடும். சனிக்கிழமை காபியோடு உட்கார்ந்தவன் மதியச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கவில்லை.

எங்கள் மாநிலத்தில் ஒரு தொகுதிக்கு ஏழு லட்சத்து நாற்பத்தைந்தாயிரம் பேர் வரவேண்டும். வேக், மெக்லன்பர்க் இரண்டு கவுண்டியிலும் தலா பதினோரு லட்சத்துக்கு மேல், அதனால் அவற்றை உடைத்தே ஆக வேண்டும். குயில்ஃபோர்ட் கவுண்டியில் ஐந்து லட்சத்து நாற்பதாயிரம். அதை உடைக்கவே தேவையில்லை. இப்போதைய வரைபடத்தில் அது மூன்று துண்டு. கிரீன்ஸ்பரோ நகரத்து டெமாக்ரட் ஓட்டை மூன்று கிராமப்புறத் தொகுதிகளில் கரைத்துவிட்டார்கள்.

கிரீன்ஸ்பரோவில் வட கரோலைனா ஏ அண்ட் டி என்று கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கிய பெரிய பல்கலைக்கழகம் உண்டு. 2016 வரைபடம் அதன் நடுவிலேயே போனது. லாரல் தெரு என்று ஒரு சின்னத் தெரு. ஒரு பக்கம் ஆறாவது தொகுதி, மறுபக்கம் பதின்மூன்றாவது. நண்பர் மகளைப் பார்க்கப் போனபோது அந்தத் தெருவில் நின்றேன். இந்தப் பக்கம் ஒரு பையன் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டே தெருவைக் கடந்தான், தொகுதி மாறியது அவனுக்குத் தெரியாது. இரண்டு தொகுதியிலும் அப்போது ஜெயித்தது ரிபப்ளிகன்.

வரைந்து பார்த்ததில் ஒன்று உறைத்தது. யாருக்கும் சாயாமல் வரைந்தாலும் டர்ஹம் மாதிரி ஊர்களில் டெமாக்ரட்டுகள் தாங்களாகவே ஒரே இடத்தில் நெருக்கியடித்து வாழ்கிறார்கள். அதற்கு எந்தச் சதியும் தேவையில்லை. மாசசூசெட்ஸில் இதன் மறுபக்கம்: மூன்றில் ஒரு பங்கு ரிபப்ளிகன் ஓட்டு, ஒன்பது சீட்டில் பூஜ்யம். அவர்கள் மாநிலம் முழுக்கச் சீராகப் பரவியிருப்பதால் எப்படி வெட்டினாலும் ஒரு தொகுதியில் சேர மாட்டார்கள். ஐயோவாவில் 1980 முதல் கட்சி சாராத சட்டமன்ற ஊழியர்கள்தான் வரைகிறார்கள், கட்சிக் கணக்கைப் பார்க்கவே கூடாது, கவுண்டியை உடைக்கக் கூடாது. வரைபடத்தை எல்லாரும் மெச்சுகிறார்கள். நான்கு சீட்டும் இப்போது ரிபப்ளிகன். ஆணையம் திருட்டை நிறுத்தும், பங்கை அளந்து தராது. அளந்து வேண்டுமானால் ஒரு தொகுதிக்கு ஒரு உறுப்பினர் என்ற முறையையே மாற்ற வேண்டும். அது இந்த ஜென்மத்தில் நடக்காது.

செப்டம்பர் 15

“ரிபப்ளிகன்களை மட்டும் திட்டுகிறீர்கள்” என்றவருக்கு: இல்லினாயைச் சொன்னேன். மேரிலாந்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2011-ல் ஆறாவது தொகுதியை மாற்றி, இருபது ஆண்டு உறுப்பினரான ரிபப்ளிகன் பார்ட்லெட்டைத் தோற்கடித்தார்கள். 2019 தீர்ப்பில் வட கரோலைனாவோடு சேர்ந்து வந்த வழக்கே அதுதான். எங்கள் மாநிலத்திலும் 2010 வரை டெமாக்ரட் ராஜ்யம். அப்போது ஆணையம் வேண்டும் என்று மசோதா கொண்டுவந்தவர்கள் ரிபப்ளிகன்கள். ஆட்சி மாறியது, மசோதா கொண்டுவருவோரும் மாறினார்கள்.

அக்டோபர் 23

நேற்று எங்கள் சட்டமன்றம் ஆறாவது வரைபடத்தை நிறைவேற்றிவிட்டது. வடகிழக்கில் டான் டேவிஸ் இருக்கும் முதலாவது தொகுதிதான் குறி. குறி தப்பாவிட்டால் பதினொன்றுக்கு மூன்று. இந்தத் தடவை வழக்கு எதுவும் துரத்தவில்லை, நீதிமன்றம் எதுவும் கேட்கவில்லை. டெக்சஸ் செய்தது, கலிஃபோர்னியா பதில் செய்கிறது, நாங்களும் செய்கிறோம் என்றார்கள். ஆளுநர் ஸ்டைன் கண்டித்தார். அதற்கு மேல் அவர் கையில் ஒன்றும் இல்லை.

அக்டோபர் 26

மச்சான் போன் செய்தான். தபால் ஓட்டுச்சீட்டு வந்து சாப்பாட்டு மேசையில் கிடக்கிறதாம். மாநில அளவில் ஒரே கேள்வி, 50-வது பிரேரணை: காங்கிரஸ் தொகுதிகளுக்கு மட்டும் ஆணையத்தின் வரைபடத்தை 2030 வரை ஓரமாக வைத்து, ஐந்து சீட் டெமாக்ரட் பக்கம் சாயும் சட்டமன்ற வரைபடத்தைப் பயன்படுத்தலாமா?

“என்ன அத்தான் செய்யறது? அந்த ஆணையத்துல உட்காரணும்னு நானே அப்ளை பண்ணப் போனவன்.”

“உனக்கு என்ன தோணுது?”

“டெக்சஸ்காரன் அஞ்சு எடுத்துப்பான், நாங்க மட்டும் யோக்கியமா இருக்கணுமா?”

“2031-ல் திருப்பிக் கொடுத்துவிடுவார்களா?”

“எழுதியிருக்கு.”

“எழுதியிருந்தால் சரி.”

“கிண்டலா அத்தான்?”

கிண்டல்தான், பாதி. ஆர்னால்ட் ஷ்வார்ஸ்நெகர் இதை எதிர்த்து ஊர் ஊராகப் பேசுகிறார், ஆணையம் வரப் பாடுபட்ட ஆளுநர் அவர். அவர் வாதம் எனக்குப் புரிகிறது. ஆனால் நான் வட கரோலைனாவில் இருந்துகொண்டு ஃப்ரீமாண்ட்காரனுக்கு ஒழுக்கம் போதிக்க முடியவில்லை. டெக்சஸ் வரைபடத்தால் போகும் சீட்டை ஃப்ரீமாண்ட்டின் நேர்மை ஈடுகட்டாது. ஆகஸ்டில் “யார் வைப்பது” என்று மட்டும் கேட்டேன். ஒரு மாநிலம் மட்டும் வைத்தால் அது எத்தனை நாள் தாங்கும் என்பதையும் அப்போதே கேட்டிருக்கலாம்.

நவம்பர் 5

50-வது பிரேரணை ஜெயித்தது, நூற்றுக்கு ஏறத்தாழ 64. 2010-ல் காங்கிரஸ் தொகுதிகளை ஆணையத்திடம் கொடுத்தபோது ஆதரவு 61. கொடுத்த ஊரே அதைவிட அதிக ஓட்டில் நிறுத்திவைத்திருக்கிறது. ஒன்றே ஒன்று வித்தியாசம்: டெக்சஸில் கேட்காமல் செய்தார்கள், இங்கே கேட்டுச் செய்தார்கள். மச்சான் எதற்குப் போட்டான் என்று சொல்ல மறுக்கிறான், அக்காவுக்கும் சொல்லவில்லையாம்.

டிசம்பர் 5

டெக்சஸ் வரைபடத்தைப் போன மாதம் 18-ஆம் தேதி மூவர் அமர்வு நிறுத்தியது. எழுதியவர் ட்ரம்ப் நியமித்த நீதிபதி. இனத்தை வைத்து வரைந்ததாகத் தெரிகிறது என்றார். நேற்று உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நிறுத்திவைத்தது. ஆக 2026 தேர்தல் புது வரைபடத்தில்தான். கட்சிக்காக வரைந்தோம் என்றால் தப்பலாம், இனத்துக்காக என்றால் மாட்டலாம். தெற்கு மாநிலங்களில் கட்சியும் இனமும் ஒட்டிக்கிடப்பதால் வக்கீல்கள் “நாங்கள் வெறும் கட்சி வெறியர்கள், யுவர் ஆனர்” என்று மெனக்கெட்டு நிரூபிக்கிறார்கள்.

டிசம்பர் 12

இந்தியானா நான் எதிர்பார்க்காதது. அங்கே தொகுதி வரைவது சட்டமன்றம்தான். மக்கள் ஓட்டுக்குக் கொண்டுவரும் வழியும் இல்லை. செனட்டில் ஐம்பது பேரில் நாற்பது பேர் ரிபப்ளிகன்கள். வெள்ளை மாளிகை மாதக்கணக்கில் நெருக்கியது, சில செனட்டர்களுக்கு மிரட்டல்கூட வந்தது. நேற்று ஓட்டு: 31-க்கு 19 என்று தள்ளிவிட்டார்கள். தள்ளியவர்களில் 21 பேர் ரிபப்ளிகன்கள்.

இதை வைத்து “மனசு இருந்தால் ஆணையம் எதற்கு” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அந்த 21 பேரை நம்பி நான் எந்த ஏற்பாட்டையும் விட மாட்டேன். அடுத்த பிரைமரியில் (கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல்) அவர்களில் எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்று முதலில் பார்ப்போம்.

விர்ஜீனியாவையும் கவனியுங்கள். ஐந்து வருடம் முன்னால் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு ஆணையம் வைத்த மாநிலம், இப்போது டெமாக்ரட் சட்டமன்றம் அதைத் தற்காலிகமாகத் தாண்டிப் போக ஒரு திருத்தத்தை அக்டோபர் கடைசியில் முதல் தடவை நிறைவேற்றியிருக்கிறது. புதிய சட்டமன்றம் இன்னொரு தடவை நிறைவேற்ற வேண்டும், அப்புறம் மக்கள் ஓட்டு. மச்சானின் காலேஜ் சிநேகிதன் ஒருவன் ஃபேர்ஃபாக்ஸில் இருக்கிறான். இந்தத் தடவை அவன் போன் செய்தால் எடுக்காதே என்று மச்சானிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.